மேஜை இல்லாதவர்களுக்கு ஓர் அறை

மேஸ்திரியம்மாவை நகராட்சி ஆபீசிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம்! குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பேசுகிறார்கள். அவள் கழுத்தில் கை வைக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. நகராட்சி மேஜையைத் திருடிக்கொண்டு போனாள் என்று இன்னொரு கதை. அது அவள் புருஷன் துணி தேய்க்கிற மேஜை. கரி விழுந்து சுட்ட தழும்பு பலகை முழுக்க இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். நடந்தது என்னவென்று கேட்டுவிட்டுப் பிறகு அளக்கட்டும்.

ஊருக்கே அவள் மேஸ்திரியம்மா. தெரு கூட்டுகிற பெண்களுக்கு மேஸ்திரி. கல்யாணமாகி வந்த கையோடு துடைப்பம் பிடித்தவள். மேஸ்திரி வேலையை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கடைத்தெருவின் இந்த முனையில் கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கிற குரல் அவளுக்கு. கழுத்தில் மேஸ்திரி விசில் வேறு தொங்கும். புருஷன் இஸ்திரிக்காரர், பரம சாது. "மேஸ்திரி ஒரு சத்தம் போட்டா இஸ்திரிப் பெட்டி தானா ஆறிப்போகும்" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தேய்க்கிற வருமானம் கரிக்கே சரியாகிவிடும். வீடு ஓடியது அவள் சம்பளத்தில்தான்.

அப்போது நகராட்சி ஆபீஸ் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தது. வரி கட்ட ஒரு மாடி, தண்ணீருக்கு பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு கொட்டகை, பிறப்பு இறப்பு எழுத யாரோ ஒருவரின் வாடகை வீடு. எல்லாவற்றையும் ஊர் நடுவில் ஒரே கட்டடத்தில் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. கமிஷனர் ஒரு இன்ஜினியர் பெண்ணை அமர்த்தினார். யார் யாருக்கு எவ்வளவு இடம் என்று அவள் அளந்து எழுத வேண்டும். அன்றிலிருந்து ஆபீசில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜன்னல் எனக்கு, மூலை எனக்கு என்று பெரிய மனுஷர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள் போல் முட்டிக்கொண்டார்கள்.

துப்புரவுப் பெண்கள் கேட்டது ஒரே ஒரு அறை. கை கால் கழுவ ஒரு குழாய், துணி மாற்ற நாலு சுவர். அதுவரை நகராட்சி முற்றத்தில் நிற்கிற குப்பை லாரிக்குப் பின்னால்தான் மாற்றுவார்கள். ஒருத்தி மாற்ற, இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் டிரைவர் பார்க்காமல் லாரியை எடுத்துவிட்டான். லாரி போய்விட்டது. புதிதாக வேலைக்கு வந்த பெண் நடு முற்றத்தில், பாதித் துணியோடு, எதிரே டீக் குடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேர் கண்ணிலும் பட்டாள். சிலர் விசிலடித்தார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் வேலைக்கு வரவே இல்லை. மேஸ்திரியம்மாவுக்கு அன்றைக்குப் பிடித்த வீம்பு அது.

ஹெட் கிளார்க்கிடம் போய்க் கேட்டாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மேஜைக் கணக்குலதாம்மா இடம். உங்களுக்கு ஏது மேஜை?"

"துடைப்பம் இருக்கே, ஐயா."

"துடைப்பத்துக்கு மூலை போதும். போயிட்டு வா."

இன்ஜினியர் பெண் அளக்க வந்த அன்று பார்த்திருக்க வேண்டுமே கூத்தை! காலொடிந்த மேஜையெல்லாம் கிடங்கிலிருந்து கிளம்பி வந்தது. ஆளே இல்லாத மேஜை மேல் கண்ணாடியும் பேனாவும் வைத்திருந்தார்கள். மேஸ்திரியம்மா பார்த்தாள். நேரே வீட்டுக்கு நடந்தாள்.

"ஏங்க, பெட்டியை இறக்குங்க. மேஜை வேணும்."

"துணி பாதியில நிக்குதுடி!"

"அந்தப் பொண்ணும் பாதியிலதான் நின்னுச்சு."

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். ஒரு முனையைத் தூக்கினார்.

லாரி நிற்கிற முற்றத்தில் மேஜையைப் போட்டார்கள். பெண்கள் அதன் மேல் சோப்பு, சீப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் பரப்பினார்கள். இன்ஜினியர் பெண் டேப்போடு வந்து நின்று பார்த்தாள்.

"இதுல யார் உக்காருவாங்க?"

"யாரும் உக்கார மாட்டோம்மா. இதைப் போட்டாத்தான் நாங்க இருக்கறது கண்ணுக்குத் தெரியுமாம்."

இன்ஜினியர் பெண் குனிந்து மேஜையை அளந்தாள். ஹெட் கிளார்க் ஓடி வந்து கத்தினார். மேஜையை எடுத்தால்தான் ஆயிற்று என்றார். வரைபடத்தில் அறை விழுகிறவரை எடுக்க மாட்டேன் என்றாள் மேஸ்திரியம்மா. மேஜை அங்கேயே கிடந்தது. பாவம், இஸ்திரிக்காரர் என்ன செய்வார்? மறுநாள் பெட்டியையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார். திட்டுவதற்கு வந்த குமாஸ்தாக்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு வரிசையில் நின்றார்கள்.

வாரம் திரும்புவதற்குள் கமிஷனர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஹெட் கிளார்க்கும் இருந்தார், இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். வரைபடம் விரித்திருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு கட்டத்தின் மேல் அந்தப் பெண் விரலை வைத்தாள்.

"இதுதாம்மா உங்க ரூம். குழாய் இங்க வருது."

ஹெட் கிளார்க் இடையில் புகுந்தார். "முதல்ல மன்னிப்பு. மேஜையைப் போட்டது தப்புன்னு கைநாட்டு வைக்கட்டும். அப்புறம் ரூம். இல்லேன்னா மேஸ்திரி விசிலை வெச்சிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

மேஸ்திரியம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சம்பளம் நின்றால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? ஆனால் கைநாட்டு வைத்தால், நாளைக்கு அந்த அறைக்குள் போகிற ஒவ்வொருத்தியும் தப்புச் செய்து வாங்கிய இடத்தில் அல்லவா நிற்பாள்?

"ஐயா, முதல்ல ரூமுக்குக் கையெழுத்துப் போடுங்க. என்னைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அன்று சாயந்திரமே வரைபடம் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கமிஷனருக்கு இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. போட்டார். மை காய்கிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கழுத்திலிருந்த விசிலைத் தானே கழற்றினாள். ஹெட் கிளார்க் முன்னால் வைத்தாள்.

"மன்னிப்பு கேக்கற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணலை. இதை ஊதத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் கொடுங்க."

"சம்பளம் போயிடும்மா, யோசி!" என்றார் கமிஷனர்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

கதவை அவளேதான் திறந்தாள். யாரும் தள்ளவில்லை, தள்ள வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவும் இல்லை. முற்றத்தில் பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா ஆச்சு? ரூம் வந்துச்சா?"

"வந்துச்சு. கட்டும்போது கூடவே நில்லுங்கடி. தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கறானான்னு பாருங்க."

புருஷன் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மேஜையின் அந்த முனைக்குப் போனார். இவள் இந்த முனையைப் பிடித்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.