கூடத்தில் ஓடிய வேன்

சரியாகக் காயாத துணிக்கு ஒரு புளித்த வாடை உண்டு. கொரோனா ஊரடங்கு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாடைதான். பள்ளிக்கூடம் மூடிய பிறகும் என் அக்கா பவானி தினமும் நீலச் சீருடையைத்தான் உடுத்துவாள். இருந்தது இரண்டே இரண்டு, அம்மா துவைத்துப் போட்டது காயும் முன்பே எடுத்து மாட்டிக்கொண்டு, பையும் கையுமாக வாசலில் நின்றுவிடுவாள்.

அக்காவுக்கு ஆட்டிசம். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதினொன்று. பேச்சு கிடையாது, வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனைக்கு எட்டு மணிக்கு வரும் வேனில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த சிறப்புப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்த வேன் இனி வராது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "ஊரெல்லாம் நோயிம்மா, பொறவு போகலாம்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அக்கா மதியம்வரை நிற்பாள், அப்புறம் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்குவாள். சோறு இறங்கவில்லை. ஆறு வருடமாக டீச்சர்கள் பழக்கியிருந்த பட்டன் போடுவதுகூட மறந்துபோனது.

அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில்லும் மூடியதால்தான் அவர் முதன்முறையாக மகளை முழுநாளும் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் கூடத்தில் நான்கு சேர்களை வரிசையாகப் போட்டு, முன்னால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வேன் கெளம்பப் போகுது, ஏறு தாயி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை, வந்து இரண்டாவது சேரில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு வேன் ஓடியது. மில், பெட்ரோல் பங்க், மாந்தோப்பு என்று அப்பா வழியில் வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். கோயில் கோபுரம் தெரிகிறது என்றதும் இறங்க வேண்டும். இறங்கினால் அம்மாதான் டீச்சர், நான் கூடப் படிக்கும் பிள்ளை. அக்கா மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

நாலைந்து நாள் கழித்து, மாந்தோப்பு என்று சொல்லிவிட்டு அப்பா வேனை மேற்கொண்டு ஓட்டப் போனதும், அக்கா எழுந்து நின்று பக்கத்துச் சேரைத் தட்டினாள். நிறுத்தவே இல்லை. "என்னம்மா, எதை விட்டுட்டேன்?" என்று அப்பா பதறினார். அப்போதுதான் அது வந்தது, கரகரத்த குரலில், ஒரே ஒரு சொல்: "ஜெபா."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, "யாரு ஜெபா?" என்றுதான் கேட்டாள். டீச்சருக்குப் போன் போட்ட பிறகு தெரிந்தது, மாந்தோப்பில் ஏறி தினமும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரும் பெண் அவள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிநேகிதி இருப்பது எங்களுக்குத் தெரியாது.

நம்பர் வாங்கி அம்மா பேசினாள். "இங்கயும் இதே பாடுதான்க்கா, வேன் எங்க, வேன் எங்கன்னு அழுதுட்டே கெடக்கா" என்றார் ஜெபாவின் அம்மா. மறுநாள் முதல் மாந்தோப்பில் வேன் நின்றது, சேரில் வைத்த போனிலிருந்து "வாரேன்!" என்று ஜெபா கத்துவாள். அக்கா போனைத் தடவிக்கொடுப்பாள். பிறகு இரண்டு அம்மாக்களும் செத்த நேரம் பேசிக்கொள்வார்கள்.

பள்ளி மறுபடி திறந்தபோது ஜெபாவின் குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டிருந்தது. அந்த நம்பரும் இப்போது இல்லை. பதினெட்டு வயதானதும் அக்காவுக்கும் பள்ளி முடிந்தது, வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா ஷிப்டுக்குப் போகிறார். நான் விடிந்ததும் கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ் ஏறிவிடுகிறேன். காலையில் நாங்கள் நால்வரும் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை.

எத்தனையோ வீடுகளில் சாவு விழுந்த காலம் அது. அதற்குப் போய் மனசு ஏங்குகிறதே என்று கூசிக்கொண்டே ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்குந்தான் ஏட்டி. வெளிய சொல்லிராத."