லீமாவின் காருக்குப் புது பிரேக் குழாய்

லீமா கைக்கு லைசென்ஸ் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஓட்டக் கார்தான் இல்லை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஏன் இல்லை? பின்பக்கக் கொட்டகையில் அப்பா சூசைநாதன் விட்டுப்போன மோரிஸ் மைனர் நிற்கிறதே. இங்கிலாந்தில் பிறந்து, செராமிக் முதலாளி ஒருவரிடம் உழைத்து, கடைசியில் அவருடைய டிரைவரான சூசைநாதனுக்கே வந்து சேர்ந்த வண்டி. இன்ஜின் இன்னும் உயிரோடு இருந்தது. பிரேக்தான் காலை வாரியது.

போன மாதம் முதன்முதலாக அதைத் தெருவில் எடுத்தாள். துருப்பிடித்த பிரேக் குழாய் ஒன்று வெடித்து, கார் நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாளின் வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்தது. லீமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் புருஷன் அகஸ்டினுக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் போனது. லாரி பட்டறையில் மெக்கானிக் அவன்; பிரேக் போன வண்டிகள் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவன். மங்கலம்பேட்டைக் காயலான் கடைக்காரர் கலியமூர்த்தியிடம் காரைப் பேசி முடித்துவிட்டு வந்தான்.

லீமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவன் இறங்கி வந்தான்.

“பழைய குழாய் பூராத்தையும் மாத்திப் பாக்குறேன். ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள பிரேக் நிக்கலன்னா, கலியமூர்த்தி அண்ணன் வந்து கட்டி இழுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அப்பறம் அழுவக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அகஸ்டின் காருக்கு அடியில் படுத்துவிட்டான். பழைய குழாய்கள் தொட்ட இடமெல்லாம் பொரை ரொட்டிபோல உதிர்ந்தன. அம்பாசிடர் குழாய் வாங்கி வந்திருந்தான். அம்பாசிடரும் மோரிஸ் வம்சத்து வண்டி என்பதால் நட்டுகள் சொன்னபடி கேட்டன. வளைத்து, நுனியை விரித்து, ஒவ்வொன்றாக முடுக்கினான். பிறகு குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை. லீமா பெடலில் கால் வைத்து உட்கார்ந்தாள்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேங்க.”

“புடி. அப்படியே புடி. ம், விடு.”

நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல்மாதிரி நின்றது. லீமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காலை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பத்து வருவதற்குள் பெடல் மெல்ல மெல்லத் தரையைத் தொட்டது. அந்த நேரம் பார்த்துக் கலியமூர்த்தியின் குட்டியானை வண்டியும் வாசலில் வந்து நின்றது.

அகஸ்டின் மறுபடி உள்ளே ஊர்ந்தான். ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். எங்கும் கசிவு தெரியவில்லை.

“பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரே போயிருக்கும் லீமா. அது மெட்ராசுலகூடக் கெடைக்காது. வுட்டுடு.”

 அவள் கண் அவன் கையிலிருந்த துணியையே பார்த்தது. செராமிக் யூனிட்டில் அவளுக்குப் பதினோரு வருஷமாக விரிசல் கண்டுபிடிப்பதுதான் வேலை. காய்ந்த, இன்னும் சுடாத மண் கோப்பையில் மண்ணெண்ணெய் தடவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் எண்ணெயைக் குடித்துக் கருப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எண்ணெய் இருக்கிறது. மண்தான் இல்லை.

“இனிமே தொடைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். பாத்திரம் தேய்க்க வைத்திருந்த வெள்ளைக் களிமண் தூளையும், முகத்துக்குப் பவுடர் போடும் பஞ்சையும் எடுத்து வந்தாள். காருக்கு அடியில் படுத்து, பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல ஒவ்வொரு இணைப்புக்கும் பவுடர் அடித்தாள்.

“அண்ணே, செத்த உள்ள ஒக்காந்து பிரேக்க அமுக்குங்க.”

“நான் காரக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவ வந்தவன் தங்கச்சி” என்றார் கலியமூர்த்தி. ஆனாலும் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்.

லீமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பின் அச்சுக்கு மேலே, ஒரு நட்டின் ஓரம், வெள்ளைத் தூளில் கடுகளவு கருப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மிளகளவு ஆனது.

“என்னங்க, இங்க வாங்க. மாட்டிக்கிச்சு.”

அகஸ்டின் நட்டைக் கழற்றினான். அவன் விரித்த நுனி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று தலையாட்டிவிட்டு, அரை அங்குலம் அறுத்துப் புதிதாக விரித்து மாட்டினான். மறுபடியும் அமுக்கு, புடி, விடு. இந்தத் தடவை லீமா நூறு வரை எண்ணினாள். பெடல் அசையவில்லை. கலியமூர்த்தி தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கார் தெருவுக்கு வந்தது. சொர்ணாம்பாள் வைக்கோல் போருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். லீமா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கியர் மாற்றினாள். பக்கத்து சீட்டில் அகஸ்டின் உட்கார்ந்திருந்தான். எதிரே ஆட்டோ வந்தால், ஆடு வந்தால், அவன் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையில் ஓங்கி மிதித்தது.

ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. லீமா பெடலை அமுக்கினாள். முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளி, கார் சொன்ன இடத்தில் நின்றது. ரயில் போய் முடியும்வரை அவள் காலை எடுக்கவில்லை. பெடலும் இறங்கவில்லை.

கேட் திறந்தது. அகஸ்டின் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“நல்லூர் வரைக்கும் போயிட்டு வரலாம், ஓட்டு” என்றான்.