மழைக்குத் தாங்கும் துப்பாக்கி உறை

தோலைத் தைப்பது ஒரு நாள் வேலை. தைத்த தோலின் மேல் என்ன பூசுவது என்பதுதான் தீராத வேலை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பாதுகாவலர்களுக்குத் துப்பாக்கி உறை தைத்துப் பிழைக்கிறேன். காயப்போட்ட துணியை ஒரே நாளில் மூன்று முறை ஓடி ஓடி எடுத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எண்ணெய்

முதலில் எண்ணெயைத்தான் நம்பினேன். தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடியதில் எனக்கு ஒரே பெருமை. நகைக்கடை வாசலில் நிற்கும் காவலர் ஒருவருக்கு ஊற ஊறத் தேய்த்துக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து இடுப்பைத் திருப்பிக் காட்டினார். வெயிலில் எண்ணெய் கசிந்து, காற்சட்டையில் முழங்கால் வரை கறை. அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உறை நனையலக்கா. என் சிலுவார்தான் நனைஞ்சு போச்சு."

மெழுகு

முனியாண்டி புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர். கூரையில்லாத கேட். மழையில் பழைய உறை ஊறி, உள்ளே துப்பாக்கி துருப்பிடித்து, சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். மூன்று கடிதம் வந்தால் வேலை போய்விடும். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

தேன்மெழுகை உருக்கி ஏற்றிக் கொடுத்தேன். மழைக்கு அசையவில்லை. ஆனால் வேலை முடிந்து உறையை ஒப்படைக்கும் அறையில் ஏர்கான். அந்தக் குளிரில் மெழுகு மேலே கிளம்பி வெள்ளையாகப் பூத்துவிட்டது. துணியால் துடைத்தால் போகிற விஷயம். சூப்பர்வைசர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்து, பொருளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாவது கடிதத்தையும் கொடுத்துவிட்டார். முனியாண்டி உறையை என் மேசையில் வைத்தார். "வாங்கி ஒரு வாரம் ஆகலக்கா, எனக்கு முன்னாடி இது நரைச்சிருச்சு லா."

தாஹான்

அடுத்த உறைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தடவ நல்லா தாஹான் ஆகணும்க்கா." தாஹான் என்றால் மலாயில் தாங்குவது, பிடித்து நிறுத்துவது. செருப்பு முதல் சம்பந்தம் வரை எல்லாவற்றுக்கும் நாங்கள் அந்தச் சொல்லைப் போட்டுவிடுவோம். மழையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளும் புறமும் அக்ரிலிக் பூச்சு, மூன்று கை. நனைந்தால் தோல் உப்புமே என்று உறையின் அளவைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். பொத்தான் துருப்பிடிக்குமே என்று, துப்பாக்கிக்கு மேலே குறுக்காகப் போகும் பட்டையையே எடுத்துவிட்டேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவர் கேட்டது துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தும் உறை. மோட்டார் சைக்கிளில் வேலியைச் சுற்றி வருகிறவர் வேறு எதைக் கேட்பார்? எனக்குத்தான் மழையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது துப்பாக்கி வழுக்கிச் சாக்கடையில் விழுந்திருக்கிறது. கேட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இடுப்பு லேசாக இருப்பது அவருக்குத் தெரிந்தது.

துப்பாக்கி காணோம் என்றால் சும்மா விடுவார்களா? போலீஸ் பிடித்துவைத்து விசாரித்தது. அப்படிப் பிடித்துவைப்பதற்கும் மலாயில் அதே தாஹான்தான். மூன்றாம் நாள் சேற்றிலிருந்து துப்பாக்கி கிடைத்து அவரை விட்டார்கள். வேலை போய்விட்டது. மன்னிப்புக் கேட்கப் புக்கிட் மெர்தாஜாமில் அவர் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க மழைய நெனச்சீங்க, நான் துப்பாக்கிய நெனச்சேன். கடைசில தாஹான் ஆனது நான்தான்க்கா."

ஆர்டர்

போன வாரம் அந்தச் சூப்பர்வைசரே கடைக்கு வந்தார். கையில் முனியாண்டியின் உறை. திட்டப் போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உள்ளே விரல் விட்டுத் தடவிக் காட்டினார். "இத்தன மழையில ஒரு சொட்டு உள்ள எறங்கல பாருங்க. ஒரு பட்டை மட்டும் வச்சு, இதே மாதிரி பத்து வேணும் லா."

பத்தையும் பட்டையோடு தைத்துவிட்டேன். ஒரு பட்டையின் அருமை எனக்குத் தெரிய, முனியாண்டியின் வேலை போக வேண்டியிருந்தது.