கிணற்றுக்கு வெயில் காட்டினோம்

எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம். கல்யாணமாகிப் பூதப்பாண்டிப் பக்கம் வந்த புதிது. வெளிநாட்டுக்காரர்கள் யாரோ தந்த பணத்தில் எங்கள் தெருக் கிணற்றைச் சிமெண்டால் மூடி, அடிபம்பு வைத்தார்கள். இனி காலரா வராதாம்.

"வெயிலு காணாத வெள்ளத்த எப்படிட்டி குடிக்கது?" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கிணற்றில் இறங்குவதற்காக மூடியில் ஒரு வாசல் விட்டு, இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். தினமும் காலையில் இருவரும் அதைத் தூக்கி வைத்துத் தண்ணீருக்கு வெயில் காட்டினோம். எத்தனை பேச்சு, எத்தனை சிரிப்பு!

ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் பின்னால் நகர்ந்தேன். இரண்டு காலும் வாசலுக்குள் போய்விட்டன. இடுப்பிலிருந்த செப்புக்குடம் நசுங்கி விளிம்பில் சிக்கிக்கொண்டது. அதைக் கட்டிப்பிடித்தபடி தொங்கினேன்.

"குடத்த விட்டுராதட்டி மக்கா!" என்று அலறிய தங்கம், என் கொண்டையைப் பிடித்தே மேலே இழுத்துப் போட்டாள். பிறகு தகட்டை மூடி, அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய். எங்கே போனாலும் அங்குள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டேன். வெயில் காட்டுவதை மட்டும் விடவில்லை. நசுங்கிய அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்து முற்றத்தில் வைக்கிறேன். பக்கத்தில் நின்று பேசத்தான் தங்கம் இல்லை.