பூஜ்யம் காட்டிய திரை

என் மேசைத் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. "இடம் மாற்றிய பிறகு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்கவும்" என்று நீல மையில் எழுதியிருக்கும். மை வெளிறி, பசையும் காய்ந்துவிட்டது. எழுதியவர் என்னோடு இரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் லாரி கம்பெனியின் சர்வர் அறைக்கு நான் பொறுப்பாளன். வடக்கே போர் போடப் போன எங்கள் லாரிகள் எங்கே நிற்கின்றன, எத்தனை அடி இறக்கின என்ற விவரமெல்லாம் இங்கேதான் வந்து சேரும். எனக்குக் கீழே அவர் ஒருவர்தான். கணவர் இறந்துவிட்டார். ஆறாவது படிக்கும் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ராசிபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவார். அந்த வேலையை நம்பித்தான் அவர் வீடு ஓடியது. அது எனக்கு நன்றாகவே தெரியும். அவர் டப்பாவைத் திறந்தால் எனக்கும் ஒரு கரண்டி பொரியல் உண்டு.

ஒரே சர்வருக்குள் பல கணினிகள் இருப்பதுபோல மென்பொருளால் ஓட்டுவோம். அதில் ஒன்றை நிறுத்தாமலே, ஓட்டத்திலேயே அடுத்த சர்வருக்கு மாற்றலாம். மாற்றியதும் ஒரு கோளாறு வரும். வீட்டுக்குப் புது மின்மீட்டர் மாட்டினால் அது பூஜ்யத்திலிருந்து ஓடும் அல்லவா? அதிலிருந்து பழைய மீட்டரின் எண்ணைக் கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய், வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றுதான் விடை வரும். எங்கள் திரையும் அப்படித்தான், மாறி வந்த கணினி எவ்வளவு உழைத்தாலும் பூஜ்யம் என்று காட்டியது. இதை முதலில் கண்டவர் அவர்.

"சாப்ட்வேர் எழுதுனவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்குங்க?" என்று சிரித்தேன்.

"இல்லீங்ணா, உள்ள போயிப் பாருங்க. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்குது" என்றார். நான் பார்க்கவில்லை. அன்றுதான் சீட்டை ஒட்டினார். எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று கோபம்கூட வந்தது.

ஒரு மதியம், சர்வர் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. நான் சொன்னபடி, லாரி விவரம் வாங்கும் கணினியை அடுத்த சர்வருக்கு மாற்றிவிட்டு அவர் கை கழுவப் போனார். திரையில் பூஜ்யம். மாற்றும்போது மிஞ்சிப்போன வெற்றுப் பிரதி என்று நினைத்து, சீட்டு கண்ணெதிரே இருக்க, அந்தக் கணினியை நிறுத்திவிட்டேன். வந்துகொண்டிருந்த அன்றைய விவரமெல்லாம் பாதியில் அறுந்து பாழானது.

முதலாளி படியேறி வந்தார். "ஆருங்க கைய வெச்சது?"

"இவங்கதானுங்க எடம் மாத்துனாங்க" என்றேன்.

பொய் இல்லை, பாதி உண்மை. மீதியை நானே சொல்வேன் என்று, கை கழுவிவிட்டு வந்திருந்த அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடத் திறந்து வைத்திருந்த டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்ணா" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அடுத்த வருடம் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. திருத்திய பிழைகளின் பட்டியலில் அவர் சொன்ன அதே கோளாறும் இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல அழைத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் இடத்துக்கு வேறு ஆளும் எடுக்கவில்லை. ஏசி சத்தத்தில் தனியாகச் சாப்பிடுகிறேன். பேச ஆளில்லாமல் சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகிறது.

போன வாரம் சர்வர் அறைக்கு வந்த முதலாளி சீட்டைப் பார்த்தார். "இதென்னங்க, கிழிச்சுப் போடறதுதானே?"

என்னையும் மீறி வாய் திறந்துகொண்டது. "அன்னைக்கு அத நிறுத்துனது நாந்தானுங்க. அந்தப் பொண்ணு இல்லீங்க."

"எந்தப் பொண்ணுங்க?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அதற்குள் போன் வரவே, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

சீட்டின் ஒரு மூலை எழும்பியிருந்தது. விரலால் அழுத்தி ஒட்டினேன்.