மூக்குத்தி போட்ட கங்கை

காலையில் மகள் ரோமிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தாள். பழைய சதுக்கம், நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி நாலு கல் ஆசாமிகள். நாலு நதிகளாம். கையில் துடுப்போடு, தாடி வைத்துச் சாய்ந்திருக்கிறாரே, அவர்தான் நம் கங்கை. "அப்பா, உங்க ஆளு!" என்று கீழே எழுதியிருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தாடியோடு எனக்குப் பழைய பகை உண்டு.

அதைச் செய்த இத்தாலியச் சிற்பியைவிட நான் ஒன்றும் குறைந்தவன் இல்லை என்று எழுபதுகளில் உறுதியாக நம்பியிருந்தேன். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் மாஸ்டர் நான். நம்பிக்கைக்குத் தகுதி வேறு வேண்டுமா என்ன!

எங்கள் எச்.எம். மேடத்தின் தம்பி அப்போது ரோமில் பாதிரியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் இதே நீரூற்று. "ஆண்டு விழாவுக்கு நம்ம முற்றத்துல இதே மாதிரி ஒண்ணு வேணும், மாஸ்டர். நல்லா வந்துட்டா உங்களை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே கமிட்டியில பேசறேன்" என்றார் மேடம். பர்மனென்ட் ஆனால்தான் கணக்கு டீச்சரிடம் வாய் திறப்பது என்று நான் வைராக்கியமாக இருந்த காலம் அது. டீச்சர் பெயரும் கங்கா. இரும்புலியூர்க்காரர். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச், அவர் வீட்டில் ஆடி தவறாமல் கூழ். அது வேறு சிக்கல்.

ஈர சிமென்ட் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு இருபத்தாறு வயது. செங்கல், கோழிவலை, சிமென்ட் வைத்து மூன்று நதிகளை முடித்துவிட்டேன். நாலாவதற்குத் தாடி அப்பும்போது கங்கா டீச்சர் வந்து நின்றார்.

"இது எந்த ஆறு, சார்?"

"கங்கை."

"கங்கைக்குத் தாடியா? பசங்க இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, யோசிச்சீங்களா?"

விடுவிடுவென்று போய்விட்டார். கோபமா கேலியா, புரியவில்லை. நியாயம்தானே? நம் ஊரில் ஆறு என்றால் பெண்பிள்ளை. காவிரிக்கு யாராவது மீசை வைப்பார்களா? அன்று சாயங்காலமே தாடியைச் சுரண்டி எறிந்தேன். கை தன்பாட்டுக்கு ஒரு முகத்தைச் செய்தது. கடைசியில் மூக்கில் ஒரு பொட்டு சிமென்டும் வைத்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன்தான் முதலில் போட்டு உடைத்தார். "இன்னா சார், நம்ம கணக்கு டீச்சர் கணக்கா கீது!"

முதல் பீரியட் முடிவதற்குள் பள்ளிக்கூடமே முற்றத்தில் நின்றது. மேடம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "தாடி இல்லன்னா பரவால்ல, மாஸ்டர். ஆத்துக்கு மூக்குத்தி எதுக்கு?"

வேலை போச்சு, மானமும் போச்சு, இனி டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குள் கங்கா டீச்சரே சாக்பீஸும் கையுமாக வந்துவிட்டார். சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தப்பு, சார்" என்றார். "நான் வலது பக்கம்தான் குத்தியிருக்கேன். நீங்க எதிர்ல நின்னே பாத்துப் பாத்து இடது பக்கம் வெச்சிட்டீங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். வேலை நிரந்தரமானது, மற்றதும் ஆனது. இரண்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது, அதைக் கேட்காதீர்கள். மூக்குத்தியைப் பெயர்த்து வலது பக்கம் வைத்தேன். விழாவன்று தண்ணீர் ஜோராகக் கொட்டியது. அடுத்த கோடையில் கிணறு வற்ற, அதுவும் நின்றது.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. நீரூற்று இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். என் கங்காவும் போன வருஷம் போய்விட்டாள். மகளின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடிக்காரக் கங்கைக்கு முன்னால் அம்மாவின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். இடது பக்கம் குத்தியிருக்கிறாள். தப்பு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.