கணக்கில் சேராத மூன்று அவுன்ஸ்

1934-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். காலையிலிருந்து தூறல் விடவில்லை. மதுரையில் அன்று சூரியனை ஒருவரும் பார்க்கவில்லை. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால், நான் கம்பவுண்டராக இருந்த வைத்தியசாலையின் மருந்தறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கையில் ஒரு பிராந்திப் புட்டியோடு நின்றேன். புட்டியில் ஒட்டியிருந்த அளவுக் காகிதத்தில் நாலு பங்கு இருக்க வேண்டும். எண்ணினேன். எட்டு இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடியும் எண்ணினேன். எட்டுதான்.

புட்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். ஏன் என்று சபையாருக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. ஏழு வருஷமாக வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். இன்னும் ஒன்பது நாளில் பண்டிகை வருகிறது. இந்த வருஷமும் தள்ளிப்போட எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் குடிகாரன் அல்ல. தெருவில் விழுந்ததில்லை. வீட்டில் கை நீட்டியதில்லை. வருஷத்தில் 361 நாள் தொடமாட்டேன். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி நாலு நாள் மட்டும், நாளைக்கு ஒரு அவுன்ஸ். அதுவும் மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில், கோட்டுக்குக் கோடு அளந்து. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பழக்கம். அளந்து குடிக்கிறவனுக்கு என்ன கேடு வரும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். எனக்குத் திருப்தியான பதிலும் கிடைக்கும்.

புட்டியை வாங்கிவருகிறவர் என் மனைவி ஞானம்மாளின் அண்ணன். அந்த வருஷமும் முந்தின நாளே கொண்டுவந்து விட்டார். "வருசம் பூராம் ஊருக்கு மருந்து குடுக்குறீக மாப்ள, நாலு நாளைக்கு நீங்களும் மருந்து குடிச்சா என்ன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஞானம்மாள் சிரிக்கவில்லை.

பண்டிகை நாளிலும் வைத்தியசாலையைக் காலையில் இரண்டு மணி நேரம் திறப்போம். அதிகாலை ஆராதனை முடிந்து, வெறும் வயிற்றோடு ஏழரைக்கே போய்விட்டேன். பிராந்தியை நாலு அவுன்ஸ் மருந்துப் புட்டி ஒன்றில் ஊற்றி அலமாரியில் ஒளித்து வைப்பது வழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது மருந்தாகத்தான் தெரியும். ஊற்றுமுன் ஒரு அவுன்ஸ் குடித்தேன். அது பண்டிகைக்காக, கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு அவுன்ஸ், வாங்கித் தந்த மச்சானுக்காக. பிறகு குளிருக்காக ஒன்று. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மீதியை நாலு அவுன்ஸாக அளந்து ஊற்றி, நாளைக்கு ஒரு அவுன்ஸ்தான் என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டேன். எவ்வளவு நேர்மையான மனிதன் என்று என்னைப்பற்றி நானே நினைத்தேன். அதை எழுதும்போது இன்றைக்கும் கூசுகிறது.

அளவுக் காகிதம் செய்வது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். புட்டியின் உயரத்துக்கு ஒரு துண்டு காகிதம் எடுத்து, இரண்டு தரம் மடித்து ஓரத்தைக் கத்தரித்தால் நாலு பங்கு வரும். மூன்று தரம் மடித்தால் எட்டுப் பங்கு வரும். படிக்கத் தெரியாதவர்களும் ஒரு வெட்டுக்கு ஒரு வேளை என்று மருந்து கொடுத்துவிடுவார்கள்.

ஒன்பது மணிக்கு விளாங்குடியிலிருந்து மாயாண்டி என்கிற கூலிக்காரன் தன் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தையின் பேர் செல்லாயி. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. டாக்டர் அபின் சத்துச் சேர்ந்த மிக்சர் எழுதினார்; நாலு அவுன்ஸ் புட்டியில் எட்டு வேளை மருந்து; வீட்டுக்குப் போனதும் ஒரு வேளை, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம். எழுதிவிட்டு அவர் பண்டிகைக்குப் புறப்பட்டார். நான் மருந்தைச் சரியாகத்தான் கலந்தேன். என் புட்டிக்கும் குழந்தையின் புட்டிக்கும் காகிதங்களை ஒன்றாகவே வெட்டினேன். பசை தடவி ஒட்டினேன். மாயாண்டி ஒன்பதரைக்குக் கிளம்பினான். நான் வீட்டுக்குப் போய் விருந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

எழுந்து, அன்றைய ஒரு அவுன்ஸைக் குடிக்க வந்தபோதுதான் எட்டு வெட்டுகளைக் கண்டேன். என் நாலு பங்குக் காகிதம் அந்தக் குழந்தையின் புட்டியில் இருந்தது. ஒரு வெட்டுக்கு ஒரு வேளை என்று தாய் ஊற்றினால் ஒவ்வொரு வேளையும் இரட்டை. நாலு வயதுக் குழந்தைக்கு இரட்டை அபின்.

பதினொரு மணிக்கு ஒரு வேளை போயிருக்கும். இரண்டு மணிக்கு ஒன்று. அடுத்தது ஐந்து மணிக்கு. அதுவும் உள்ளே போனால் பிழைக்காது. விளாங்குடி நாலு மைல். எனக்கு இருந்தது ஐம்பது நிமிஷம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. வெயில் இருந்தால் நிழலைப் பார்ப்பார்கள். அன்று நிழலே இல்லை. நாலரைக்கே ஐந்து என்று நினைத்துக் கொடுத்துவிட்டால்?

தெருமுனையில் ஒரே ஒரு குதிரை ஜட்கா நின்றது. வண்டிக்காரர் காதர் பாய் எனக்குப் பழக்கமானவர். ஏறும்போது படி தவறி முட்டியை இடித்துக்கொண்டேன்.

"பாத்து கம்பவுண்டரே! பண்டிகைத் தண்ணி பலமாட்டம் இருக்கு?"

"விளாங்குடிக்கு விரட்டும் பாய். சீக்கிரம்."

"இந்தச் சகதியிலயா? எங்குருதைய கொல்லணும்னு இன்னிக்கு நேர்ச்சையா ஒமக்கு?"

சொல்லிவிட்டேன். முதல் முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன். குடித்தேன், காகிதத்தை மாற்றி ஒட்டிவிட்டேன், ஒரு பெண் குழந்தை சாகக் கிடக்கும் என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யா அல்லா! ஏறி ஒக்காரும். நீரு துவா கேளும். வண்டிய நான் பாத்துக்கிறேன்."

வைகைப் பாலம் தாண்டும்போது மணி நாலு இருபத்தைந்து. அப்போதுதான் ஜெபித்தேன். ஐம்பத்தாறு வயது வரை ஒழுங்காக ஜெபித்து வந்தவன்தான். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று. அந்த ஜெபங்களில் ஒரு வார்த்தைகூட அன்று வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை மூச்சு விடட்டும்" என்று மட்டும் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தம் கேட்டது. எங்களுக்குத்தான் பண்டிகை, அவர்களுக்கு அன்று சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மாயாண்டியின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தேன். தாய் இருளாயியின் மடியில் குழந்தை கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு ஒன்பது. அந்த வயதுக்கு இருபதுக்கு மேல் இருக்க வேண்டும்.

"எத்தனை வேளை கொடுத்தாய்?"

"ஒரு வேளைதேன் அய்யா. ரெண்டாவது ஊத்தப் போகையில இவுக தடுத்துட்டாக."

நான் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வெட்டு அளவுதான் குறைந்திருந்தது. மாயாண்டி மூலையில் நின்றிருந்தான். ஏன் தடுத்தாய் என்று கேட்டேன்.

"அய்யா கோவிச்சுக்கப்படாது. காலையில மருந்து ஊத்தையில அய்யா கையி ஆடுச்சு. வாடையும் அடிச்சுச்சு. நானும் சாராயம் குடிக்கிறவன்தேன். குடிச்சுப்புட்டு வரப்பு வெட்டுனா வரப்பு கோணும். இதும் கோணியிருந்தா என்ன செய்யன்னு, புள்ளை முழிக்கட்டும், பெறகு குடுப்போம்னேன். புள்ளை முழிக்கவே இல்ல."

உண்மையைச் சொன்னேன். இருளாயி கத்தினாள். "மருந்துன்னு நம்பித்தான அய்யா எங்கையால ஊத்தினேன்! பண்டிகை ஒங்களுக்கு, பாடை எம்புள்ளைக்கா?" மாயாண்டி கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்து நிறுத்திக்கொண்டான். "மொதல்ல புள்ளைய முழிக்க வைங்க. பெறகு அடிக்கிறேன்."

தூங்க விடக்கூடாது. முகத்தில் ஈரத் துணியைப் போட்டோம். உள்ளங்காலைத் தட்டினோம். காதர் பாய் பெரிய ரோட்டுக் கடையிலிருந்து செம்பு நிறையக் கடுங்காப்பி வாங்கி வந்தார். சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டோம். நான் குழந்தையைத் தோளில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தூறலில், குடிசைக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். நாற்பத்திரண்டு தப்படி போக, நாற்பத்திரண்டு தப்படி வர. ஒவ்வொரு தரமும் நின்று மூச்சை எண்ணினேன். ஒன்பது. பத்து. ஒன்பது. எட்டு. எட்டு வந்தபோது அந்தச் சகதியிலேயே மண்டியிட்டேன். "இனி நான் எண்ணவில்லை, நீரே எண்ணும்" என்று சொல்லிக் கடிகாரத்தைக் காதர் பாய் கையில் கொடுத்துவிட்டேன். மாயாண்டி குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தான். பிறகு இருளாயி. பிறகு நான்.

ஏழு மணிக்குச் சற்று முன் செல்லாயி தலையைத் திருப்பினாள். ஏழு பத்துக்கு முகத்தைச் சுளித்துக் காப்பியைத் துப்பினாள். ஏழு நாற்பதுக்கு, "ஆத்தா" என்று வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு ஈடான பாட்டை எந்த ஆலயத்திலும் நான் கேட்டதில்லை. மாயாண்டி என்னை அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. நான் பாலத்தின்மேல் ஜெபித்தது நாலு இருபத்தைந்துக்கு. அந்த இரண்டாவது வேளையை மாயாண்டி தடுத்தது சுமார் இரண்டு மணிக்கு. நான் கேட்பதற்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு முன்பே பதில் கொடுக்கப்பட்டாயிற்று. கொடுத்த விதம்தான் என்னை நொறுக்கியது. என் படிப்பையோ அளவையோ தேவன் உபயோகிக்கவில்லை. என் வாயின் நாற்றத்தை உபயோகித்தார். ஒரு ஏழை என்னை நம்பாமல் போனதால் அவன் பிள்ளை பிழைத்தது.

வீட்டில் ஞானம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இருவத்திரெண்டு வருசமா மருந்தலமாரிச் சாவிய பண்டிகை நாளையில மட்டும் ஏன் இடுப்புல சொருகுறீகன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? இத விடணும்னு வருசாவருசம் கேட்டு ஜெபிச்சேன். இப்புடிக் கேக்கலங்க. ஒரு பச்சப்புள்ளைய வச்சுக் கேக்கல." அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் இரண்டு புட்டிகளையும் டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் நல்லவர். "குழந்தை பிழைத்துவிட்டதே, விடும்" என்றார். நான் விடவில்லை. ஏனென்றால் இரவெல்லாம் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ், நாலு நாள் வீதம் எண்பத்தெட்டு நாள். அந்த நாட்களில் சராசரி பன்னிரண்டு புட்டி. ஆக, 1056 புட்டிகளுக்கு, உள்ளே பிராந்தி இருக்கும்போது, நான் காகிதம் வெட்டியிருக்கிறேன். அவற்றில் எத்தனை தப்பு? திரும்பி வந்து ஒருவரும் சொல்லவில்லை. தப்பு பெரிதாயிருந்தால் திரும்பி வர ஆள் இருந்திருக்க மாட்டார். அந்த எண்ணை நான் ஒருநாளும் அறியப்போவதில்லை. மன்னிப்பு உண்டு என்று நம்புகிறேன். ஆனாலும் விடியற்காலம் விழித்துக்கொண்டால் மறுபடி தூக்கம் வருவதில்லை.

அன்றிலிருந்து ஒரு துளி தொட்டதில்லை. மருந்தறையிலும் கால் வைக்கவில்லை. டாக்டரிடம் நானே கேட்டு, வாசலில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலைக்கு மாறிக்கொண்டேன். பண்டிகை தோறும் விளாங்குடிக்குப் போவேன். மாயாண்டி பக்கத்தில் வந்து என் முகத்தை மோந்து பார்த்து, "இன்னிக்கு அய்யா சுத்தம்" என்பான். காதர் பாய் விழுந்து விழுந்து சிரிப்பார். மூன்று வருஷம் அப்படி நடந்தது. 1938 பொங்கலன்று மாயாண்டி நிறையக் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து இறந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர். அவன் என்னை மோந்து பார்த்தான். நான் ஒருநாளும் அவனை மோந்து பார்க்கவில்லை. அவனுக்காக ஒரு ஜெபமும் செய்ததில்லை. என் தப்பு தீர்ந்ததே என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்பானவர்களே, இன்னும் சில நாளில் உங்கள் வீடுகளுக்கும் புட்டிகள் வரும். கொண்டுவருகிறவர் அன்பினால்தான் கொண்டுவருவார். நான் அளவோடு இருப்பவன் என்று நீங்களும் சொல்லுவீர்கள். நீங்கள் எண்ணுகிற குவளையைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. பண்டிகைக்காக, மச்சானுக்காக, குளிருக்காக என்று ஒதுக்கி வைக்கிறீர்களே, அதைப் பாருங்கள். உங்களால் கூடாவிட்டால் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். ஜெபத்தில் கேளுங்கள், மனைவியிடம் கேளுங்கள், வண்டிக்காரரிடமானாலும் சொல்லுங்கள். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், என் ஜெபத்தைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன் வாயிலும் வாடை வருகிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் போனேன்.

செல்லாயிக்கு இப்போது பதினொரு வயது. தாயோடு நாற்று நடப் போகிறாள். என்னைக் கண்டால் ஓடிவந்து பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். கம்பவுண்டருக்கு மாதம் இருபத்தெட்டு ரூபாய். சீட்டு எழுதுகிறவனுக்குப் பதினைந்து. மாதம் பதின்மூன்று வீதம் ஏழு வருஷம், எண்பத்து நாலு மாதம். இந்த டிசம்பர்ச் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை; அதையும் சேர்த்து அந்த மூன்று அவுன்ஸுக்கு எனக்கு ஆன செலவு ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.